மணற்கடலும் ஸ்பிரிங் பட்டையும்

இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கக் களம் என்றதும் ரோமெல், மான்ட்கோமரி என்னும் இரு பெயர்களும் எல் அலமைன் என்னும் ஓர் ஊரும் நினைவுக்கு வருவது வழக்கம். டாங்கிகளின் எண்ணிக்கை, பீரங்கிகளின் எண்ணிக்கை, பிடிபட்ட கைதிகளின் எண்ணிக்கை என்று அவ்வரலாறு நீளும். நாம் இங்குச் சொல்லப்போவது அக்களத்தின் தெற்கு ஓரத்தில் நடந்தது. அதில் டாங்கிகள் இல்லை. கடைத்தெருவில் வணிகர்க்கென்று விற்கப்பட்டுவந்த ஷெவர்லே சரக்கு வண்டிகள் சில உண்டு. அவற்றின் கதவுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கில் பட்டைகளைக் கூட்டி, அகன்ற டயர்களை மாட்டி, உலகின் மிக வறண்ட நிலத்துக்குள் ஓட்டிச் சென்றார்கள். லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்பது அப்படையின் பெயர். நெடுந்தூரப் பாலைவனக் குழு என்று தமிழில் வைத்துக்கொள்வோம்.

இப்படையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் பல உண்டு. அவை வீரத்தை முன்னே வைக்கின்றன. வண்டியைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுகின்றன. நம் கருத்து வேறு. இக்குழுவின் வெற்றியில் பாதிக்குமேல் பட்டறையிலேயே தீர்மானமாகிவிட்டது. அந்தப் பட்டறை எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது, ஓரிடத்தில் எப்படித் தடம் மாறி மீண்டது என்பதையே இங்குப் பார்க்கிறோம்.

முதலில் நிலம். நம் ஐந்திணை மரபில் பாலை தனி நிலமன்று. வேனிலின் வெம்மையால் வறண்டு தன் இயல்பு திரிந்த நிலம். மழை வந்தால் அது மீண்டும் முல்லையாகவோ குறிஞ்சியாகவோ ஆகிவிடும். நைல் ஆற்றுக்கு மேற்கே எகிப்து, லிபியா, சூடான் மூன்றிலும் கிடக்கும் லிபியப் பாலைவனமோ திரும்பி வராத பாலை. அதன் உட்பகுதியில் ஆண்டுக்கணக்கில் ஒரு துளிகூட விழாமல் போவதுண்டு. வண்டியோட்டியின் கண்ணால் பார்த்தால் அங்கு மூன்று வகைத் தரை. சரளைக்கல் பரவிய சமவெளி ஒன்று. இங்கே வேகமாகப் போகலாம். உடைந்த பாறை நிலம் இன்னொன்று; இது டயரை அறுக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும். மூன்றாவது மணல். சிவா என்னும் பாலைவனச்சோலைக்குத் தெற்கே தொடங்கும் பெரு மணற்கடலில் வடக்கு தெற்காக மணற்குன்றுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. சில நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டியவன் ஒவ்வொரு வரிசையையும் ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும்.

மணலில் சக்கரம் புதைவது ஏன்? எஞ்சினுக்கு வலு போதவில்லை என்பதே பலரும் முதலில் நினைப்பது. உண்மையில் வலு மிகுந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். காரணம், சக்கரம் தரையைத் தொடும் பரப்பில் இருக்கிறது. ஒரு சக்கரத்தின்மேல் 600 கிலோ எடை அமர்கிறது என்று கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு காற்று இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சற்றேறக்குறைய 3.2 கிலோ அழுத்தம். 600ஐ அதனால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர், அதாவது விரித்த ஒரு கையளவு. காற்றை 15 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு 570 ஆகிவிடும். ஓர் ஏ4 தாளுக்குச் சற்றுக் குறைவு. டயர்ச் சுவரின் விறைப்பால் இக்கணக்கு கொஞ்சம் பிசகும். ஆனாலும் செய்தி மாறாது. எடையும் மாறவில்லை, எஞ்சினும் மாறவில்லை; காற்றை மட்டும் விட்டோம், மணலின்மேல் விழும் அழுத்தம் மூன்றில் ஒன்றாயிற்று. ஒட்டகத்தின் பாதம் தரையில் ஊன்றும்போது அகன்று பரவுவதும் இதற்காகவே.

இந்த உண்மை ஒரே நாளில் கிடைத்ததன்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இலகு ரகக் கார்ப் படையினர் மாடல் டி ஃபோர்டு கார்களைக் கொண்டு எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சுற்றினர். வழக்கத்தைவிட அகன்ற டயர்களை அவர்களே மாட்டிப் பார்த்தார்கள். எகிப்திய இளவரசர் கமால் எல் தீன் வேறு வழியில் போனார். 1923 முதல் 1926 வரை அவர் மேற்கொண்ட பயணங்களில் சித்ரோயன் நிறுவனத்தின் பட்டைச் சங்கிலி வண்டிகள் ஓடின. கில்ஃப் கெபிர் என்னும் பெரும் பீடபூமிக்குப் பெயர் வைத்தவர் அவரே. செல்வமும் பரிவாரமும் உடையவர்க்கே அது இயலும். ஏழைகளின் வழியைத் திறந்துவிட்டது அமெரிக்காவில் 1923இல் ஃபயர்ஸ்டோன் கொண்டுவந்த பலூன் டயர். அதுவரை கார் டயர் என்பது ஒடுங்கியது, உயர் அழுத்தத்தில் கல்போல் இறுகியது. பலூன் டயர் அகன்றது. குறைந்த காற்றில் ஓடுவது. நகரத்துச் சீமாட்டிகள் குலுங்காமல் போவதற்காகப் பிறந்த அந்த டயர் சகாராவைக் கடக்க உதவும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அதைக் கண்டுகொண்டவர் ரால்ஃப் பாக்னோல்டு. 1896இல் பிறந்த ஆங்கிலேயர். பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல், செய்தித் தொடர்புப் பிரிவுகளில் பணியாற்றியவர். நாவலாசிரியை ஈனிட் பாக்னோல்டு இவருடைய தமக்கை. எகிப்தில் பணிபுரிந்தபோது வார இறுதிகளில் காரில் பாலைவனத்துக்குப் போய்ப் பழகியவர், இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கு மாற்றப்பட்ட பின்னும் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பினார். 1929இலும் 1930இலும் மாடல் ஏ ஃபோர்டு கார்களோடு பெரு மணற்கடலுக்குள் நுழைந்தார். காரின் மேற்கட்டை அகற்றிவிட்டு மரப்பெட்டி பொருத்திய வண்டிகள் அவை; இன்று நாம் பிக்கப் என்று சொல்லும் வண்டியைக் கையாலேயே செய்துகொண்டார்கள் எனலாம். பெட்ரோலும் நீரும் அந்தப் பெட்டியில் ஏறின.

மணற்குன்றின்மீது வண்டி ஏறாது என்பதே அதுவரை எல்லோரும் நம்பியது. காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணல் துகள்கள் ஒவ்வொன்றாக அடித்துப் பதிக்கப்பட்டு நெருக்கமாக அடுங்கியிருப்பதையும், மறுபக்கத்தில் சரிந்து விழுந்த மணல் பொலபொலவென்று கிடப்பதையும் பாக்னோல்டு கண்டார். காற்றைக் குறைத்த டயரோடு, நிற்காமல், சீரான வேகத்தில் வந்தால் முதற்சரிவு வண்டியைத் தாங்கும். உச்சியில் மட்டும் கவனம் வேண்டும். மறுபக்கம் முப்பது பாகைக்கும் மேலான சரிவு. வேகத்தோடு தாண்டியவர் கவிழ்ந்தார். கழுத்தும் காலும் முறிந்தவர்கள் பின்னாளில் இருந்தார்கள்.

புதைந்த வண்டியை மீட்கவும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கெய்ரோவின் பழைய சாமான் கடை ஒன்றில், முதல் போரில் பதுங்குகுழிக்குக் கூரையிட உதவிய எஃகுத் தகடுகள் கிடைத்தன. அவற்றைப் பின்சக்கரத்துக்கு முன்னால் மணலில் செருகினால் சக்கரம் பற்றிக்கொண்டு ஏறிவிடும். இன்றும் பாலைவனப் பயணிகள் வண்டியின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடும் துளைத் தகடுகளின் மூதாதை அதுதான்.

வாசகர்களுள் பலர் இவ்வுலகை வேறொரு வாசல் வழியாக ஏற்கனவே அறிந்திருக்கக்கூடும். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' 1992இல் வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது. அதன் நாயகனுக்குப் பெயர் தந்த அல்மாசி உண்மையான மனிதர், ஹங்கேரியர், பாக்னோல்டின் காலத்தில் அதே பாலைவனத்தில் கார் ஓட்டியவர். தொலைந்துபோன சர்சூரா என்னும் சோலையை இருவரும் தேடினார்கள். நாவலின் அல்மாசி தீயில் வெந்தார். உண்மை அல்மாசி 1951இல் சால்ஸ்பர்க்கில் நோயுற்று இறந்தார். இடையில் 1942இல் ஜெர்மானியருக்காக இரண்டு ஒற்றர்களை இப்பாலைவனத்தைக் குறுக்கே கடந்து நைல் கரையின் அசியூட்டில் கொண்டுவிட்டார். அதற்கு அவர் தேர்ந்தது ஜெர்மன் வண்டிகளை அல்ல. பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட ஃபோர்டுகளை. பகைவர் இருவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

1940 ஜூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அன்று இத்தாலியின் காலனி. எகிப்தின் தெற்கு எல்லை முழுதும் காவலின்றிக் கிடந்தது. 1935இல் ஓய்வு பெற்றிருந்த பாக்னோல்டு 1939இல் மீண்டும் அழைக்கப்பட்டுக் கென்யாவுக்குக் கப்பலேறியவர். மத்தியதரைக் கடலில் அக்கப்பல் இன்னொன்றோடு மோதியதால் அவர் எகிப்தில் இறங்க நேர்ந்தது. படைத்தலைவர் வேவல் அவருடைய திட்டத்தைக் கேட்டு, ஆறு வாரத்தில் ஒரு படையை அமைக்கும்படி அனுமதி தந்தார்.

ஆறு வாரம் என்பதை நினைவில் கொள்க. தனி வண்டி வடிவமைக்க நேரமில்லை. இருப்பதை மாற்றியமைக்க மட்டுமே நேரம் இருந்தது. 30 ஹண்டிரட்வெயிட், அதாவது ஒன்றரை டன் ஏற்றும் ஷெவர்லே வண்டிகளைத் தேர்ந்தார்கள். பதினான்கு ஷெவர்லே விற்பனையாளரிடம் கிடைத்தன. பத்தொன்பதை எகிப்திய ராணுவத்திடம் கெஞ்சி வாங்கினார்கள். நான்கு சக்கர இயக்கம் இல்லாதவை. பின்சக்கரம் இரண்டு மட்டுமே உந்தும்.

பட்டறையில் முதலில் நடந்தது கழிவு. கூரை போயிற்று, கதவு போயிற்று, முன்கண்ணாடி போயிற்று. கண்ணாடி வெயிலில் மின்னி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கும் என்பது ஒரு காரணம்; எடை இன்னொரு காரணம். வண்டியை மேம்படுத்துவது என்றால் எதையாவது வாங்கிப் பூட்டுவது என்றே இன்று பொருளாகிவிட்டது. முன்பக்கம் இரும்புக் கம்பி, மேலே விளக்கு வரிசை, பின்னால் ஏணி என்று ஏற்றி இருநூறு கிலோவைக் கூட்டிக்கொண்டு, பிறகு அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்களை நாம் காண்கிறோம். 1940இல் வரிசை தலைகீழாக இருந்தது.

அடுத்து ரேடியேட்டர். கொதிக்கும் நீர் ஆவியாகி வெளியே போய்விடாமல், ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் கட்டிய டப்பாவுக்கு வந்தது. டப்பாவில் பாதியளவு நீர் இருக்கும்; ஆவி அதில் குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் உள்ளே ஏற்படும் வெற்றிடம் அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்றரை லிட்டர் அளவே நீர் என்று பங்கிட்ட படையில் எஞ்சினுக்கும் அதே சிக்கனம்.

இனி ஸ்பிரிங். ஒன்றரை டன்னுக்கென்று செய்த வண்டியில் இரண்டு டன் ஏறியது. ஆயிரம் மைலுக்கு மேல் எங்கும் நிரப்பிக்கொள்ள வழியின்றிப் போகும் வண்டி தன் பெட்ரோலையும் நீரையும் உணவையும் குண்டுகளையும் தானே சுமந்தாக வேண்டும். கம்பெனி தந்த ஸ்பிரிங் அதற்குப் போதாது. நீளத்தில் இறங்கிவரும் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நடுவில் ஆணி இறுக்கியதே பட்டை ஸ்பிரிங். மாட்டு வண்டியிலிருந்து லாரிக்கு வந்தவர்க்கு இது விளக்கம் வேண்டாத பொருள். எடை மிகுந்தால் அடுக்கு நிமிர்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு வண்டிச் சட்டத்தில் நேராக மோதும். பட்டை கூட்டுவதே அதற்கு எளிய மருந்து. ஒரே தடிப்புள்ள எட்டுப் பட்டை இருந்த இடத்தில் பத்து வைத்தால் விறைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும் என்பது பொதுக் கணக்கு. குழுவின் வண்டிகள் அத்தனைக்கும் இப்படிக் கூடுதல் பட்டைகள் போடப்பட்டன.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பட்டை கூடிய ஸ்பிரிங் சுமையோடு நன்றாக நடக்கும்; சுமை குறைந்தால் முரண்டும். பயணம் தொடங்கும்போது இரண்டு டன் இருந்த வண்டி, பெட்ரோல் தீரத் தீர இலேசாகிக்கொண்டே வரும். ஆகவே களைத்துத் திரும்பும் வழியில்தான் உடம்பை உலுக்கும் குலுக்கல் மிகும். மேலும், முதற்பட்டை வெறும் ஸ்பிரிங் அன்று. அதன் இரு முனைக் கண்களும்தான் அச்சை வண்டிச் சட்டத்தோடு பிணைத்து அதனிடத்தில் நிறுத்துகின்றன. கீழ்ப்பட்டை ஒன்று முறிந்தால் சமாளித்து ஓட்டலாம். முதற்பட்டை முறிந்தால் அச்சு நழுவிச் சக்கரம் கோணும். பாறை நிலத்தில் இது அடிக்கடி நேர்ந்தது. ஒவ்வொரு ரோந்திலும் ஒரு ஃபிட்டர் தன் வண்டியில் மாற்றுப் பட்டைகளோடு போனது அதனாலேயே.

இவ்விடத்தில் புறநானூற்றின் 102ஆம் பாட்டு நம் நினைவுக்கு வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், மேட்டிலும் பள்ளத்திலும் உப்புவண்டி ஓட்டிப் போகும் உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு செல்லும் சேமஅச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். இளைய காளைகள், நுகம் அறியாதவை, பாரமோ நிறைய, வழியில் என்ன நேருமோ யார் அறிவார் என்பதே அங்கு உமணர் கவலை. மன்னனைப் புகழ வாளையும் வேலையும் விட்டுவிட்டு ஒரு மாற்று உதிரிபாகத்தை எடுத்த புலமையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பதுண்டு. நெடுவழியில் அச்சு முறிந்து நின்றவர் எவரும் சிரிக்கமாட்டார்.

டயர் விஷயத்துக்கு வருவோம். 10.50–16 அளவுள்ள அகன்ற டயர்கள் குழுவின் வண்டிகளில் ஓடின. பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக மாட்டும் லாரி வழக்கத்தைக் கைவிட்டு ஒற்றைச் சக்கரமே வைத்தார்கள். காரணம் நுட்பமானது. முன்சக்கரம் மணலை அழுத்தி ஒரு தடம் போடுகிறது. பின்சக்கரம் அதே தடத்தில் வந்தால் பாதி வேலை முடிந்தது. இரட்டைச் சக்கரமானால் ஒன்று தடத்திலும் மற்றொன்று புதுமணலிலும் போய்ப் புதிய பள்ளம் வெட்டவேண்டும்; இடுக்கில் கல்லும் சிக்கும். சுமைக்கு இரண்டு நல்லது, மணலுக்கு ஒன்று நல்லது.

காற்றை எப்போது விடுவது, எப்போது அடிப்பது என்பதிலே ஓட்டுநரின் தேர்ச்சி இருந்தது. மணலில் விட்ட காற்றோடு சரளைச் சமவெளியில் வேகமாக ஓடினால், டயர்ச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து உள்ளேயே சூடேறி வெடிக்கும். கல் நிலத்திலோ தளர்ந்த சுவர் எளிதில் அறுபடும். ஆகவே தரை மாறும்போதெல்லாம் நின்று காற்றடிக்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை, நிழலற்ற வெயிலில், வண்டிக்கு நான்கு டயர். சோம்பலால் ஒருவன் இதைத் தவிர்த்தால் அவனுக்குத் தண்டனை மாலைக்குள் வந்துவிடும்.

ஓட்டியவர்கள் பெரும்பாலோர் முதலில் நியூசிலாந்துக்காரர். பண்ணையில் டிராக்டரும் லாரியும் பழுது பார்த்து வளர்ந்தவர்களாக வேண்டும் என்று பாக்னோல்டு தேடியதற்குப் பயன் கிடைத்தது. ரோந்துகளுக்கு ஆர், டி, டபிள்யூ என்று எழுத்துப் பெயர். ஒவ்வொரு வண்டிக்கும் தன் ரோந்தின் எழுத்தில் தொடங்கும் மாவோரி மொழிப் பெயர். ரோடோவாரோ, வைகாஹா என்பன சில. பின்னர் பிரிட்டிஷ், ரொடீசிய ரோந்துகளும் சேர்ந்தன. 1942இல் இந்தியக் குதிரைப்படை வீரரைக் கொண்டு அமைந்த இந்திய நெடுந்தூர ஸ்குவாட்ரனும் இக்குழுவோடு இணைந்து இயங்கியது. குழுவின் சின்னம் சக்கரத்துக்குள் ஒரு தேள்.

வண்டி இல்லையேல் என்ன ஆகும் என்பதை 1941 ஜனவரி 31 காட்டிற்று. குஃப்ராவுக்குத் தெற்கே ஜெபல் ஷெரிஃப் என்னுமிடத்தில் டி ரோந்து இத்தாலியரிடம் சிக்கியது, வண்டிகள் எரிந்தன, தலைவர் கிளேட்டன் பிடிபட்டார். ஒளிந்து தப்பிய நால்வர் ரொனால்ட் மூர் என்பவரின் தலைமையில், ஒரு டின் நீரோடு, தம் வண்டிகள் போட்ட பழைய தடத்தைப் பார்த்துக்கொண்டே தெற்கு நோக்கி நடந்தார்கள். காலில் காயம் பட்டிருந்த மூர் பத்து நாளில் சுமார் 210 மைல் நடந்து பிரெஞ்சுப் படையினரால் மீட்கப்பட்டார். நால்வரில் ஒருவர் மீட்கப்பட்ட பின் இறந்தார். வண்டியில் ஒரே நாளில் போகும் தூரம் அது.

இனி, நாம் முன்பு சொன்ன தடமாற்றம். 1941இன் தொடக்கத்தில் தேய்ந்துபோன ஷெவர்லேக்களுக்குப் பதிலாகப் புதிய ஃபோர்டு எஃப்30 வண்டிகள் வந்தன. கனடாவில் போருக்கென்றே செய்தவை. எட்டு சிலிண்டர் எஞ்சின். நான்கு சக்கரமும் உந்தும். தாளில் பார்த்தால் எல்லா வகையிலும் மேல். மணலில் ஷெவர்லே திணறிய இடங்களில் ஃபோர்டு ஏறவும் செய்தது. ஆனால் அது கனத்தது. பெட்ரோல் ஏறத்தாழ இருமடங்கு குடித்தது. எஞ்சின் ஓட்டுநரின் பக்கத்திலேயே அமைந்ததால் பாலைவன வெப்பத்தோடு அதன் வெப்பமும் சேர்ந்தது.

இருமடங்கு என்பதை எளிதாக நினைத்துவிடலாகாது. விளக்கத்துக்காக 1600 கிலோமீட்டர்ப் பயணம் ஒன்றைக் கொள்வோம். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 400 லிட்டர் போதும். எடை 300 கிலோ அளவு. லிட்டருக்கு இரண்டு ஓடும் வண்டிக்கு 800 லிட்டர்; 600 கிலோ. கூடுதலான அந்த 300 கிலோ, உணவுக்கும் நீருக்கும் ஆளுக்கும் உரிய இடத்தைத் தின்னும், ஸ்பிரிங்கை அமுக்கும், டயரைப் புதைக்கும், அதனால் இன்னும் பெட்ரோல் கேட்கும். அந்நாளில் பெட்ரோல் வந்ததோ நான்கு காலன் மெல்லிய தகர டின்களில். குலுங்கிய வழியிலேயே ஒழுகிப் போனது கொஞ்சமன்று. நான்கு சக்கர இயக்கம் தந்ததை டாங்கின் ஓட்டை வாங்கிக்கொண்டது.

ஓராண்டு பொறுத்தார்கள். 1942இன் முற்பகுதியில் குழு மீண்டும் ஷெவர்லேக்குத் திரும்பியது. கனடாவில் செய்த 1533எக்ஸ்2 என்னும் மாதிரி. பின்சக்கரம் மட்டும் உந்தும் பழைய முறை. மீண்டும் அதே வேலை: பட்டை கூட்டல், அகன்ற டயர், ஆவி பிடிக்கும் டப்பா. கையில் இருந்த புதுமையை விட்டுப் பழைய எளிமைக்குத் திரும்பும் துணிவு ராணுவத்தில் அரிது. தாம் ஓட்டும் வண்டியைத் தாமே பழுது பார்ப்பவர்கள் முடிவெடுத்ததால் அது நடந்தது என்பது நம் எண்ணம். நான்கு சக்கர இயக்கம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அதே ஆண்டில் இலகுவான ஜீப்புகளை இக்குழு ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டது. எடையும் பெட்ரோலும் ஒத்துவந்தால் அதுவும் நல்லதே.

அந்த ஷெவர்லேக்களைக் கொண்டு நடந்தவற்றுள் இரண்டை மட்டும் குறிப்போம். 1942 மார்ச் முதல் ஜூலை வரை, பகைவரின் பின்புறத்தில், திரிப்போலி நெடுஞ்சாலையின் ஓரத்தில் இரவும் பகலும் ஆட்களைப் படுக்கவைத்துப் போகும் வரும் வண்டிகளை எண்ணினார்கள். ஒரு குண்டும் சுடாத அந்த எண்ணும் வேலையே இக்குழு செய்த பெரும்பணி என்று சொல்வோர் உண்டு. நமக்கும் அதுவே உடன்பாடு. மற்றொன்று, செப்டம்பர் 1942இல் பார்ச்சே விமானத்தளத் தாக்குதல். பன்னிரண்டு ஷெவர்லேயும் ஐந்து ஜீப்பும் 1,155 மைல் வந்து சேர்ந்தன. தாக்குதல் பலித்தது. திரும்பும் வழியில் விமானங்கள் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக எரித்தன. பலர் நடந்தே மீண்டனர்.

பாக்னோல்டு 1941லேயே குழுவின் தலைமையை விட்டு விலகியிருந்தார். அதே ஆண்டில் வெளியான அவருடைய நூல், காற்றில் பறக்கும் மணலின் இயற்பியலைப் பற்றியது. கார் புதையாமல் இருக்க மணலைப் பார்க்கத் தொடங்கியவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் அமைத்துத் துகள்களின் பாய்ச்சலை அளந்தார். 1944இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1990இல் மறைந்தார். செவ்வாய்க் கோளில் கேல் பள்ளத்துக்குள் கிடக்கும் மணற்குன்றுகளுக்குப் பாக்னோல்டு குன்றுகள் என்று பெயர். 2015இன் இறுதியில் கியூரியாசிட்டி வண்டி தன் அலுமினியச் சக்கரத்தால் அந்த மணலைக் கிளறிப் பார்த்தது.

பூமியிலும் கதை தொடர்ந்தது. 1987இல் லிபியாவுக்கும் சாட் நாட்டுக்கும் நடந்த போரின் இறுதிக் கட்டத்துக்கு டொயோட்டா போர் என்றே பெயர். இக்குழு சுற்றிய நிலத்துக்குத் தென்மேற்கே, ஃபாடாவிலும் வாடி டூமிலும், டாங்கிகளோடு நின்ற லிபியப் படையைச் சாட் வீரர்கள் டொயோட்டா பிக்கப்புகளில் ஏவுகணை ஏந்தி வந்து முறியடித்தார்கள். பின்னச்சில் பட்டை ஸ்பிரிங், மேலே திறந்த பெட்டி, அதில் ஆளும் ஆயுதமும்.

குழுவின் ஷெவர்லேக்களுள் ஒன்று, வைகாஹா, பல்லாண்டுகள் மணலில் கிடந்த பின் மீட்கப்பட்டு 1980களில் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. புதுச்சாயம் பூசாமல், கிடைத்த துருவோடேயே அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.